வெஸ் ராட்லிஃபின் இடது காது

"குனிங்கடா!" என்று இடப்பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள். பயிற்சி மைதானத்தில் நின்ற அத்தனை பேரும் சட்டென்று தலையைக் குனிந்தார்கள். ஒருவன் மட்டும் குனியவில்லை. குறி தவறி வந்த பந்து அவன் இடது தோளில் அடித்துத் தெறித்தது. அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். வேலியோரம் நின்ற ராய்ஸ் டில்மனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மற்றவர்கள் சிரிக்கும்போது உற்றுப் பார்ப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பந்தைக் கையால் வீசி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், டொலீடோ அணிக்காக மலை மாநிலங்களின் கல்லூரிகளைக் காரிலேயே சுற்றி, எந்தப் பையன் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தரம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். அணிகள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாகப் பையன்களை எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றில் போகிறவனுக்கு ராஜ மரியாதை. அவன் நாலு ஆட்டம் சொதப்பினாலும் பொறுத்துக்கொள்வார்கள். பின்சுற்றில் போகிறவன் ஆகஸ்டு பயிற்சியில் ஒரு வாரம் தடுமாறினால் போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பந்தடி வாங்கிய பையன் பெயர் வெஸ் ராட்லிஃப். ஆடுமிடம் குவார்ட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, கண்ணிமைக்கிற நேரத்தில் யாருக்கு வீசுவது என்று முடிவு செய்கிறவன் அவன்தான். வெற்றியென்றாலும் தோல்வியென்றாலும் ஊர் வாயில் விழுகிற பெயரும் அவனுடையதுதான்.

ராய்ஸ் அவனை அந்தப் பருவம் முழுக்கப் பார்த்திருந்தார். கை பலம் நடுத்தரம். வலப்பக்கம் ஓடிக்கொண்டே வீசினால் பந்து தாழ்ந்துவிடும். குறைகளை அவர் மறைக்கிற ஆள் இல்லை. ஆனால் பையனிடம் இன்னொன்று இருந்தது. வலக்கையால் வீசுகிறவனுக்கு இடப்பக்கம்தான் முதுகுப்பக்கம். அங்கிருந்து எதிரணித் தடியன் பாய்ந்து வரும்போது, காலடிச் சத்தம் கேட்டதுமே மற்றப் பையன்கள் பதறிப் பந்தைக் கட்டிக்கொண்டு சுருண்டுவிடுவார்கள். வெஸ் பதறியதே கிடையாது. அடி விழுவதற்கு ஒரு மூச்சு முன்னால் பந்து அவன் கையை விட்டுப் போயிருக்கும். இவனுக்கென்ன முதுகில் கண்ணா என்று ராய்ஸ் தலையைச் சொறிந்ததுண்டு. தோளில் பட்ட பந்து அதற்கு விடை சொல்லிவிட்டது.

அடுத்த வாரமே கென்டக்கி மலைக்குள் இருந்த அவன் வீட்டுக்குப் போனார். அம்மா டார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறினாள்.

"டார்லீன், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பையனுக்கு எடது காது கேக்காதா?"

கரண்டி பிடித்த கை அப்படியே நின்றது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் பாத்தேன்."

"இத்தன வருசத்துல ஒரு கோச் கண்டுபிடிக்கல, ஒரு வாத்தியார் கண்டுபிடிக்கல. நீங்க ஒருத்தர் வந்து சேந்தீங்க பாருங்க!" அவள் எதிரே உட்கார்ந்தாள். "ஆறு வயசுல மூளைக்காய்ச்சல். உசுரு தப்பிச்சுது, காது போயிடுச்சு. எங்க போனாலும் எடது பக்கம் செவுரு இருக்கற மாதிரி பாத்துதான் ஒக்காருவான். காலேஜ்ல கோச் சொல்றதெல்லாம் கைச்சைகைதான், அதனால ஓடிப்போச்சு. ராய்ஸ், இது வெளிய தெரிஞ்சா எம்புள்ள செவிட்டுப்பயதான். நல்லா வீசறவன்னு அப்புறம் ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

"வெளிய போகாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த நேரத்தில் அவர் மனசாரச் சொன்ன சத்தியம் அது. அதில் பொய்யில்லை. தொழில்முறை ஆட்டத்தில் பயிற்சியாளர் குரல் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் வரும். வலது காது ஒன்றே போதும். காது கைவிட்டதைக் கண்ணால் ஈடுகட்டிய பையன் இவன். இது குறையில்லை, இதுதான் இவன் சரக்கு என்று காரில் திரும்பி வரும்போது ராய்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அந்தச் சந்தோஷம்தான் வாயைத் திறக்க வைத்தது.

மார்ச் மாதம். பொது மேலாளர் கர்ட் மெஹாஃபியின் அறை. கர்ட்டும் ராய்ஸும் ஒன்றாகத் தொழிலுக்கு வந்தவர்கள். ஒரே ஓட்டை காரில், ஒரே மலிவு விடுதி அறையில், ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு அலைந்தவர்கள். ராய்ஸின் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியது கர்ட்தான். ஒருவர் மேலே போனார், ஒருவர் காரிலேயே தங்கிவிட்டார். அதில் ராய்ஸுக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

"சின்ன காலேஜு. கையும் சுமார்தான். மத்தவனெல்லாம் இவனுக்கு மொத சுத்துன்னு ஏன்டா அலையறான்? நீ வேற கூடச் சேந்து ஆடற," என்றார் கர்ட். "ஒனக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லு. இல்லன்னா அவன விட்டுட்டு அடுத்தவனப் பாப்போம்."

அந்தத் தொழில்காரர்களிடம் ஒரு மூடநம்பிக்கை உண்டு. அறிக்கையில் எழுதினால் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் படிப்பார்கள்; எழுதாமல் வாயால் மேலிடத்துக்கு மட்டும் சொன்னால் அது சொன்னதாகவே ஆகாது. எத்தனையோ வீட்டு ரகசியங்கள் அப்படி வாய்வழியே போயிருக்கின்றன. ராய்ஸும் அதையே நம்பினார். பையன் கைநழுவிப் போய்விடுவானோ என்ற பதற்றம் வேறு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, எல்லாவற்றையும் சொன்னார்.

கர்ட் மெதுவாக விசிலடித்தார். "ஒத்தக் காத வெச்சுக்கிட்டா இந்த ஆட்டம் ஆடறான்!"

"அவங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன், கர்ட்."

"இந்த ரூமத் தாண்டாதுடா. என்னைய ஒனக்குத் தெரியாதா?"

ஏப்ரல் நடுவில் அது நாடு முழுக்கத் தெரிந்தது. பெயர் சொல்ல விரும்பாத அணி அதிகாரி ஒருவர் சொன்னதாக, தொலைக்காட்சிக்காரன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டே சொன்னான்: ராட்லிஃபுக்கு ஒரு காது கேட்காது, இத்தனை நாள் குடும்பமே மறைத்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் கேலிப்படங்கள் வந்துவிட்டன. காதில் கைவைத்து "என்ன?" என்று கேட்கும் குவார்ட்டர்பேக்குகள். மறைத்தவன் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பானோ என்று பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். டிராஃப்ட் நெருங்கும் ஏப்ரலில் வாய்திறந்தாலே பொய் பேசுகிற கூட்டம், ஒரு பையன் வாய்மூடி இருந்ததற்காகத் தர்மம் பேசியது.

டார்லீன் தொலைபேசியில் கூப்பிட்டாள். "நீங்களா?"

"நான் இல்ல, டார்லீன். நான் போய் அப்படிச் செய்வேனா?"

கர்ட்டிடம் சொன்னது சொன்னதில் சேராது என்று அப்போதும் நினைத்தார். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். ராய்ஸ் நேரே கர்ட்டின் அறைக்குப் போனார். கர்ட் மேசையில் ஓங்கிக் குத்தினார்.

"எந்த நாய்டா இந்த வேலையப் பண்ணுனது? அந்தக் காலேஜ் வைத்தியனா இருக்கும். அவன் மூஞ்சியே சரியில்லன்னு நான் அப்பவே நெனச்சேன்."

ராய்ஸ் அந்த வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்து, மனிதன் வாயில் வரக்கூடாத வார்த்தைகளையெல்லாம் சொன்னார். "எனக்கே டிவியப் பாத்துத்தான் தெரியும்" என்று அந்த ஆள் அழமாட்டாத குறையாகச் சொன்னதை அவர் நம்பவில்லை. கர்ட்டைத்தான் நம்பினார்.

டிராஃப்ட் வந்தது. வியாழக்கிழமை முதல் சுற்றில் வெஸ்ஸை யாரும் தொடவில்லை. டொலீடோ ஒரு தடுப்பாட்டக்காரனை எடுத்தது. வெள்ளிக்கிழமை இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் முடிந்தன. வீட்டுச் சோபாவில் மாமன் மச்சான்களுக்கு நடுவே அந்தப் பையன் உட்கார்ந்திருந்ததைத் தொலைக்காட்சி அவ்வப்போது காட்டியது. புதுச் சட்டை போட்டிருந்தான். சனிக்கிழமை அதே சட்டையில்தான் இருந்தான். ராய்ஸால் பார்க்க முடியவில்லை. அணியின் டிராஃப்ட் அறையில் கர்ட் மட்டும் பீட்சாவைக் கடித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி முடிந்தவர் போல நிதானமாக இருந்தார்.

நான்காம் சுற்றில் டொலீடோவின் முறை நெருங்கியபோது ராய்ஸ் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். தாழ்வாரத்தில், அணியின் ஆடை, ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பீட் சவிக்கி ஒரு புது ஹெல்மெட்டோடு நின்றிருந்தான்.

"ஒங்க மலைக்காட்டுப் பையன் வரப்போறான் போல, ராய்ஸ்! பாருங்க, வலது பக்கத்துலயே ரெண்டு ஸ்பீக்கரையும் வெச்சுட்டேன். கர்ட் சார் அசந்து போவாரு."

"எப்பச் சொன்னாரு ஒங்கிட்ட?"

"மார்ச்சுலயே. சனிக்கெழம நாலாவது சுத்துல மலிவா வருவான், ரெடி பண்ணி வை, வாயத் தொறக்காதன்னாரு. நான் கூடச் சிரிச்சேன். மொத சுத்துல போறவன் நாலாவது சுத்துக்கு எப்படி சார் வருவான்னு கேட்டேன். 'வருவான்'னாரு. மனுசனுக்கு என்ன ஜோசியம் பாருங்க!"

ராய்ஸ் சுவரில் கைவைத்து நின்றார். மார்ச்சில் அந்தக் காதைப் பற்றி வெளியே ஒருவனுக்கும் தெரியாது. அது தெரிந்தால் பையன் விலை எவ்வளவு இறங்கும் என்பது இறக்கப்போகிறவனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். கூட இருந்தே குழி பறித்திருக்கிறான். தன் சட்டையைப் போட்டுத் திரிந்தவன், தன் மனைவியின் கட்டிலருகே தூங்கியவன். தண்ணீர் குடிக்க வந்ததே மறந்துபோயிற்று.

உள்ளே போய்க் கர்ட்டை ஓரமாக இழுத்தார். "நீதானா?"

கர்ட் மறைக்கக்கூட இல்லை. "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா அடிச்சிருக்கேன்டா. தடுப்பாளும் வந்தான், குவார்ட்டர்பேக்கும் வரான். அவனுக்கும் ஒரு வேல கெடச்சுது. யாருக்கு என்ன நட்டம்?"

"நாடே அவனச் செவிடன்னு சிரிச்சுது. அந்த அம்மாவுக்கு நான் சத்தியம் பண்ணுனேன்."

"பண்ணிட்டு எங்கிட்ட வந்து சொன்னது யாரு?" கர்ட் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். "நீ சொல்லாம எனக்கு எப்படித் தெரியும், ராய்ஸ்? போ. நம்ம முறை வந்துருச்சு. நீ போன் பண்ணு."

எடுக்கிற பையனுக்கு முதல் அழைப்பைச் செய்வது அவனைத் தேடிக் கண்டுபிடித்தவரின் உரிமை. அந்த அணியில் அது எழுதாத சட்டம். கேமராக்காரன் கூட முன்னால் வந்து நின்றுகொண்டான். ராய்ஸ் எண்ணை அழுத்தினார். எடுத்தது டார்லீன்.

"டார்லீன், ராய்ஸ் பேசறேன். வெஸ்ஸ நாங்க எடுத்திருக்கோம்."

அவளுக்குப் பின்னால் யாரோ தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எவனும் தொடாத புள்ளைய நீங்க மட்டும் ஏன் எடுத்தீங்க?" என்றாள். "அன்னிக்குக் கேட்டேன், நான் இல்லன்னீங்க. இன்னொரு தடவ கேக்கறேன். யார் சொன்னது?"

கர்ட் பக்கத்தில்தான் நின்றார். கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் ராய்ஸின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால்? நாளைக்கு அந்தப் பையன் வேலைக்கு வரப்போவது இதே கட்டடத்துக்கு. ஆகஸ்டில் இருக்கிறாயா போகிறாயா என்று சொல்லப்போவது இதே ஆள். வெறுப்போடு வருகிற நான்காம் சுற்றுப் பையனுக்கு இங்கே ஒரு மாதம்கூட இடமிருக்காது.

"நான்தான், டார்லீன். என் வாயிலேர்ந்துதான் வெளிய வந்துச்சு."

"சரி," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "போன அவங்கிட்ட குடுக்கறேன். நல்ல நாளு, அவன் மொகம் வாட வேணாம். ஆனா எம்புள்ள பேர நீங்க இனிமே சொல்லாதீங்க, ராய்ஸ். எங்கயும் சொல்லாதீங்க."

பையனின் குரல் வருவதற்குள் கர்ட் தொலைபேசியை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"வெஸ்! கர்ட் மெஹாஃபி பேசறேன். ஒனக்குக் காது ஒண்ணா ரெண்டாங்கறதப் பத்தி எனக்கு அக்கறையே இல்லப்பா. ஒன் கை போதும்."

"சார்..." பையன் அழுதுகொண்டிருந்தான். "எல்லாரும் கைவிட்டாங்க சார். நீங்க ஒருத்தர்தான் என்னைய நம்புனீங்க. உங்களுக்காக உசுரக் குடுத்து ஆடுவேன் சார்."

அறையே கைதட்டியது. கர்ட்டின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. ராய்ஸால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கர்ட் அடுத்த வேலைக்குத் திரும்பினார். ஐந்தாம் சுற்றில் ஒரு வெஸ்ட் வர்ஜீனியா பையன் பெயர் பலகையில் இருந்தது.

"டேய் ராய்ஸ், இவன் வீட்டுல ஏதோ விஷயம் இருக்குன்னு சொன்னியே. அவங்க அப்பா பத்தி. என்னடா அது? கதவச் சாத்திட்டுச் சொல்லு, நமக்குள்ளதானே."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ராய்ஸுக்கு எல்லாம் தெரியும். அப்பா எந்தச் சிறையில் இருக்கிறார், பையன் யாருக்கும் தெரியாமல் எப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான், திரும்பும் வழியில் எங்கே வண்டியை நிறுத்தி அழுவான் என்பது வரை தெரியும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

"என்ன தெரியாது? நீதானே அவன் வீட்டுக்குப் போன?"

"போனேன். சோறு போட்டாங்க, சாப்பிட்டேன், வந்துட்டேன்."

கர்ட்டின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு நின்றது. "தெரியாதவனுக்கு இங்க என்னடா வேல?"

ராய்ஸ் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.