கிடங்கு என்று எழுதப்பட்ட அறை

1.

இந்தக் கதை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், பெரிய வீடு ஒன்றின் பின்புறம், ஒற்றை அறை. 2002 ஜூனில் இந்த ஊர்க் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தபோது வீட்டுக்காரர் வேடியப்பன் அதைத் திறந்து காட்டினார். சுவிட்சைப் போட்டார். குழாயைத் திருகித் தண்ணீர் வருவதைக் காட்டினார். பிறகு, "சார் நீங்க..." என்று நிறுத்தினார்.

இங்கே வீடு தேடிய எவருக்கும் அந்த நிறுத்தத்தை விளக்க வேண்டியதில்லை. வாய்விட்டுக் கேட்டால் அசிங்கம் என்று அவருக்குத் தெரியும். நானாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் அசிங்கமில்லை. அப்பா பெயரைச் சொன்னேன். சொந்த ஊரைச் சொன்னேன். அதற்கும் அவர் முகம் தெளியாததால் மீதியையும் சொன்னேன். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து, "சைவம்தாங்க" என்றேன். ஞாயிறு தவறாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரியாணி சாப்பிடுகிறவன் நான். சாவி கைக்கு வந்துவிட்டது.

மூன்று வருடம் கழித்து, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு டீச்சர் வந்தார். பெயர் எழிலரசி. நோட்டைத் திறக்காமல் கதவின் மேல்சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பச்சைப் பெயிண்டுக்கு அடியில் சிவப்பாக ஓர் எண் மங்கித் தெரியும். நான் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

"இங்க நீங்கதான் இருக்கீங்களா சார்?"

"ஆமாங்க."

"எத்தினி பேரு?"

"நான் ஒருத்தன்தான்."

"கவர்மென்ட் கணக்குல இந்த ரூம்ல மூணு பேரு இருக்கறாங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை.

2.

எழிலரசி சொன்னதைக் கதையாக எழுத உட்கார்ந்தபோது, முதல் வரிக்காக மூன்று நாள் வீணாயின.

அக்னித் தலமான அருணையில், மலையின் நிழல் நீளும் அந்த மாலையில்— (அடித்துவிட்டேன். இந்த ஊரை எழுதுகிறவர்கள் எல்லோரும் மலையில்தான் தொடங்குகிறார்கள். மலைக்கு வீட்டுப் பிரச்சினை கிடையாது.)

1989இல் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானதைத் தொடர்ந்து, நகரின் மக்கள்தொகை மற்றும் குடியிருப்பு அமைப்பில்— (இது வகுப்பில் பேசுகிற பேச்சு. ஆனால் விஷயம் இதற்குள்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மாவட்டம் வந்தது, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்தது, அதைச் சுற்றி நெல் விளைந்த நிலமெல்லாம் மனையானது. குமாஸ்தாக்கள் வந்தார்கள், நர்சுகள் வந்தார்கள், கல்லூரிகள் பெருகப் பெருக என்னைப் போன்றவர்களும் மாணவர்களும் வந்தோம். ஆசிரமத்துப் பக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள், பிரான்சிலிருந்து வந்தார்கள். எல்லோருக்கும் இடம் கொடுத்த ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. டீச்சர் சொன்ன மூன்று பேரில் ஒருவனான முபின் நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரன், லேத் பட்டறைத் தொழிலாளி. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்ததில் பிறந்த வீட்டில் இடமில்லாமல் போய், மனைவி ஜஹானாராவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பதினான்கு வீடு ஏறி இறங்கினான். அவன் பெயரைச் சொல்லும்வரை வீடு காலியாக இருந்தது. சொன்னதும், "இப்பதாம்பா ஒருத்தருக்கு வார்த்தை குடுத்துட்டோம்" என்று ஆகிவிட்டது. ஜெர்மன்காரரிடம் யாரும் அப்பா பெயரைக் கேட்பதில்லை.

பதினைந்தாவது வீடு வேடியப்பனுடையது. அவர் கொடுத்தார்.

3.

வேடியப்பனை எழுதுவதில்தான் எனக்குத் தகராறு. முதலில் முறுக்கு மீசை வைத்து, அதட்டுகிற குரல் கொடுத்து எழுதினேன். படித்துப் பார்த்தால் பொய். நிஜ வேடியப்பனுக்கு மீசையே இல்லை. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் அண்டா வைத்து, கிரிவலம் வருகிறவர்களுக்கு எலுமிச்சைச் சாதம் போடுவார். நீட்டுகிற கை யாருடையது என்று பார்க்க மாட்டார், "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்பார். நானும் ஒரு முறை கரண்டி பிடித்திருக்கிறேன்.

கெட்டவராக இருந்தால் நமக்கு எவ்வளவு வசதி. ஒரு வேளை சோற்றுக்குப் பெயர் கேட்காதவருக்கு ஓர் அறைக்கு ஏன் பெயர் வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

அவர் முபினுக்கு அறை கொடுத்த நிபந்தனைகள்: முன் கேட் வழியாக வரக்கூடாது. தபாலும் ரேஷன் கார்டும் இந்த விலாசத்துக்கு வரக்கூடாது. கறி எடுக்கக்கூடாது. பர்தாவை வெளிக்கொடியில் காயப்போடக்கூடாது.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. முன்னாடி நாலு ரூம்ல வெள்ளக்காரங்க இருக்கறாங்க, தெருவுல நாலு பேரு இருக்கறாங்க. நீ இருக்கறது தெரியாம இருந்தா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: முன்னாலிருந்த வெள்ளைக்காரர்கள் யாரும் இப்படி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் பெயரில் இவர் கேட்டுக்கொண்டார்.)

4.

2000ஆம் ஆண்டு மே மாதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் வீடுகளைக் கணக்கெடுக்கிற வேலை. எழிலரசிக்கு வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். தோளில் பை, கையில் செங்காவி டப்பா, ஒரு தூரிகை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ச் சுவர் என்ன, கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டு எழுதி, கதவில் சிவப்பாக எண் போட வேண்டும். சேர்ந்து ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அடுப்பு தனி என்றால் எண்ணும் தனி.

அறுபத்து மூன்றாம் எண் கட்டடம் வேடியப்பன் வீடு. அவருடைய வீட்டையும் முன்பக்கத்து நாலு அறைகளையும் எழுதியாயிற்று. சீசன் இல்லாததால் நாலும் காலி. எழிலரசி பின்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அது இன்னா ஐயா?"

"கெடங்கு டீச்சர். ஒடஞ்ச கட்டிலு, பழைய சாமான் கெடக்குது. அதுக்குப் போயி தனி நம்பர் எதுக்கு, வூட்டோட சேர்ந்ததுதான. வெயில்ல நிக்காதீங்க, இப்பிடி வந்து மோர் குடிங்க."

கொடியில் ஒரு சின்னக் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. வேடியப்பன் வீட்டில் குழந்தை இல்லை என்று அவள் ஐந்து நிமிடம் முன்புதான் எழுதியிருந்தாள். கவுனைப் பார்த்தாள். மோரைக் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். 'பின்னால் கிடங்கு' என்று எழுதி, கதவைத் தட்டாமல் போய்விட்டாள்.

5.

இந்தப் பகுதியை நான் முதலில் எழுதியது இப்படி:

2001 பிப்ரவரி. இப்போது ஆட்களைக் கணக்கெடுக்கும் முறை. வேடியப்பன் ஆரணிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முன் அறை ஒன்றில் இருந்த ஜெர்மன்காரர் மதம் என்ற கேள்விக்கு, "எல்லாம் ஒன்றுதான்" என்று பதில் சொல்லிச் சிரித்தார். எழிலரசி அவரை எழுதிக்கொண்டு பின்பக்கம் போனாள். இந்த முறை கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. ஜஹானாரா நிமிர்ந்து நின்று, "எழுதுங்க டீச்சர். நாங்க இங்கதான் இருக்கோம்னு கதவுலயே எழுதுங்க. யாருக்கும் பயந்து—"

இந்த இடம் வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பெருமையோடு எழிலரசியிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார்.

"அவங்க அப்பிடிச் சொல்லவே இல்ல சார்."

"பின்ன என்ன சொன்னாங்க?"

சொன்னார். அவர் சொன்னதை அப்படியே வைக்கிறேன். மேலே கதவு திறந்ததிலிருந்து இருப்பதை நீங்கள் அடித்துவிடுங்கள்.

கதவு பாதிதான் திறந்தது. எழிலரசி தான் யார் என்று சொன்னாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள் ஜஹானாரா. "அன்னிக்கு நான் உள்ளாரதான் இருந்தேன். மோர் நல்லா இருக்குனு நீங்க சொன்னது கேட்டுது."

எழிலரசிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஜஹானாரா பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். குடும்பத் தலைவர் முபின், வயது முப்பது. மனைவி ஜஹானாரா, இருபத்து நாலு. மகள் பிர்தௌஸ், ஒன்றரை.

"தாய்மொழி?"

"வூட்ல உருது டீச்சர். சண்டைனா தமிழ்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த அறைக்குள் வெளியாள் ஒருவர் வந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்றாள் ஜஹானாரா. மூவரையும் எழுதி முடித்த பிறகு எழிலரசி பையிலிருந்து செங்காவி டப்பாவை எடுத்தாள்.

"இன்னாது அது?"

"கதவுல நம்பர் போடணும். போன தடவ நான் போடாம வுட்டுட்டேன்."

"கதவுல வேணாம் டீச்சர். பேரு காயிதத்துல இருக்குது இல்ல, அது போதும். கதவுல பாத்தா அவரு காலி பண்ணச் சொல்லிடுவாரு. பதினாலு வூடு ஏறி எறங்கிட்டு வந்திருக்கோம்."

"அவரால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இது கவர்மென்ட் நம்பர்."

"வேணாம் டீச்சர்."

எழிலரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, மேல்சட்டத்தில் 63/6 என்று எழுதினாள்.

6.

"போடாம வுட்டிருந்தா யாரு கேட்டிருப்பாங்க?" என்று நான் கேட்டேன்.

"யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. எத்தினி கதவுல வுட்டுப்போயிருக்குது."

"அப்ப ஏன்?"

"எனக்குக் கோவம் சார். அந்த ஆளு மேல, அந்த மோர் மேல, எம்மேல. அந்தக் கோவத்த அவங்க கதவுல எழுதிட்டு வந்துட்டேன். என்னை நல்லவளா எழுதாதீங்க."

மறுநாள் ஊர் திரும்பிய வேடியப்பன் எண்ணைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. "நம்ம பேச்சு இப்பிடி இல்லயேப்பா" என்று முபினிடம் சொன்னாராம். மாத முடிவுவரை அவகாசம் தருகிறேன் என்றாராம். அது பிப்ரவரி, முடிவதற்கு எட்டு நாள் இருந்தது.

மார்ச் முதல் வாரத்தில், விட்டுப்போனதைச் சரிபார்க்கும் சுற்றுக்கு எழிலரசி போனபோது அறை பூட்டியிருந்தது. கதவுக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட். தன் மேற்பார்வையாளரிடம் ஓடினாள். அவர் பேனாவை மூடாமலே சொன்னார்: "செத்திருந்தா அடிச்சுடு. புதுசா பொறந்திருந்தா சேத்துக்கோ. காலி பண்ணிக்கினு போனதுக்கெல்லாம் நாம இன்னாம்மா பண்றது."

"அதான் சார், அடிக்கல" என்றார் எழிலரசி என்னிடம். "அவங்க சாவலயே."

ஆகவே அவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2011இல் வரும்வரை இந்தப் பத்துக்குப் பத்து அறையில் முபின், ஜஹானாரா, பிர்தௌஸ் மூவரும் தனி அடுப்பு வைத்து வாழ்கிறார்கள். இந்த ஊரில் எத்தனை மதத்தார், எத்தனை மொழிக்காரர் கலந்து வாழ்கிறார்கள் என்று வகுப்பில் நான் நடத்துகிற அட்டவணையில் அந்த மூன்று பேரும் உண்டு. மாணவர்கள் பரீட்சையில் எழுதிய அந்த அட்டவணையை, இதே அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான்தான் திருத்தி மார்க் போட்டேன்.

7.

முடிவுகள்.

(அ) வேடியப்பன் ஒரு பௌர்ணமியன்று அண்டாவுக்கு முன்னால் நிற்கையில், தட்டு நீட்டும் ஜஹானாராவைக் கண்டு மனம் மாறி— (வேண்டாம். அவள் எதற்கு அங்கே வந்து தட்டு நீட்ட வேண்டும்?)

(ஆ) வேங்கிக்காலில் ஒரு நல்ல மனிதர் அவர்களுக்கு வீடு கொடுத்தார். (கொடுத்திருக்கலாம். இப்படி எழுதினால் நீங்களும் நானும் நிம்மதியாகத் தூங்குவோம். அதற்காகவே எழுத மாட்டேன்.)

(இ) கதைசொல்லி முபினைத் தேடிப் போகிறான். (தேடவே வேண்டியதில்லை. அந்த லேத் பட்டறை அவலூர்ப்பேட்டை ரோட்டில் இருக்கிறது என்று எழிலரசி சொல்லிவிட்டார். என் பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறது. கதை கேட்டு ஐந்து மாதமாகிறது. நான் ஒரு நாளும் இறங்கவில்லை. இறங்கினால், "நான் அந்த ரூம்லதான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டிவரும்.)

8.

போன வாரம் எனக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேடியப்பனுக்கு நிஜமாகவே வருத்தம்.

"உங்கள மாதிரி ஒருத்தரா பாத்து சொல்லிட்டுப் போங்க சார்" என்றார்.

கதைக்கு ஒரு முடிவு இதிலேயே தயாராக இருக்கிறது. முபின் பெயரைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கலாம். எழுதவும் செய்தேன், அரைப் பக்கம், நன்றாகவே வந்தது. ஆனால் இந்த அறைக்குத் திரும்பி வர ஜஹானாராவுக்கு விருப்பமா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் நான் எழுதினால், அவள் வேண்டாம் என்ற பிறகும் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிற ஆளாகிவிடுவேன். அந்த அரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அதனால் முடிவு என்னிடம் இல்லை. இருப்பது ஓர் அறை. முப்பத்தொன்றாம் தேதி காலி செய்கிறேன். காற்றோட்டம் உண்டு, தண்ணீர்க் கஷ்டம் இல்லை. வீட்டுக்காரர் தங்கமான மனிதர், உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி கொண்டுவருவார். இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு அவர் மேல் கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது, அந்தக் கோபத்தோடேதான் இங்கே குடியிருந்தேன்.

நாளைக்கு நீங்கள் வந்து கேட்டால் அவர் கதவைத் திறந்து காட்டுவார். சுவிட்சைப் போடுவார், குழாயைத் திருகுவார். பச்சைக்கு அடியில் சிவப்பு தெரிகிறதா என்று மேலே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவர், "நீங்க..." என்று நிறுத்துவார்.

அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் என்ன சொல்லி உள்ளே வருவீர்கள்?