அனார்குல் என்கிற கம்ப்யூட்டர்

கெட்டுப்போன பாலை விடிந்ததிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட நான்கு பேர் குளிர்தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திறந்துவிட்டு, கட்டிகட்டியாக வந்து விழுந்ததை மண்வெட்டியால் சாக்கடைக்குத் தள்ளினார்கள். புளித்த வாடை ஆலை முழுக்க அடித்தது. வெயில் ஏறுவதற்குள்ளேயே ஈ மொய்த்துவிட்டது.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஏர்மெக் சர்வர் முன்னால் குந்தியிருந்தான். ஆக்-பூலாக் பால் ஆலையின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவன் ஒருத்தன்தான் ஆள். ஒப்பந்த வேலை. இந்த மாதக் கடைசியில் மேலாளர் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் உண்டு.

மேலாளர் மிர்லான் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அந்த ஓட்டையை இப்பவே அடைச்சிரு. காப்பீட்டுக்காரன் பிஷ்கெக்லேர்ந்து கிளம்பிட்டானாம்."

ஏர்மெக்குக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதை அடைக்கத்தான் அவன் குளிர்காலம் முடிந்ததிலிருந்து அவர் பின்னால் நாயாக அலைந்துகொண்டிருந்தான்.

கடைக்காரர்கள் ஆர்டர் போடும் இணையதளத்தில் யாராவது முகவரியைத் தப்பாக அடித்தால், பக்கம் இல்லை என்று சொல்வதோடு சர்வர் நிற்காது. உள்ளே எந்தக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தது, அதன் உள்நம்பர் என்ன என்பதையும் சேர்த்து ஊருக்கே சொல்லிவிடும். ஆலையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் அதன் முன்னால் உட்காருகிறவர் பெயரைத்தான் வைப்பார்கள். வெறும் நம்பர் வைத்தால் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. "ஏர்மெக், அனார்குல் சூடாயிட்டா, ஓடி வா" என்று லாரி டிரைவர்கள் போனில் கலாய்ப்பார்கள். அனார்குல் அக்கா லேசுப்பட்டவளா? "உங்க கணக்கைப் பாத்தா எந்த மெஷினும் சூடாகத்தான்டா செய்யும்" என்பாள். லாரிகளில் பாலேற்றி அனுப்புவது பல வருஷமாக அவள் பொறுப்பு. குளிர்தொட்டிகளும் அவள் கம்ப்யூட்டரிலிருந்துதான் இயங்கின.

பனி உருகிய நாட்களில் ஒருமுறை ஏர்மெக் தன் போனில் அந்தப் பக்கத்தை அவளுக்குக் காட்டியிருந்தான்.

"பாருக்கா, உன் பேரு உலகம் பூரா தெரியுது."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். "என் வீட்டுக்காரருக்கே என் பேரு மறந்துபோச்சு. உன் சர்வராவது சொல்லட்டும்."

அன்றைக்கே அவன் மிர்லானிடம் போய் நின்றான். இரண்டு வரி மாற்றினால் போதும், ஆனால் கொஞ்ச நேரம் ஆர்டர் நிற்கும் என்றான். "நோன்பு மாச ஆர்டர் குவியுது, இப்பப் போய் அதைத் தொடாதே" என்றார் அவர். நோன்பு முடிந்தது. கோடை வந்தது. அவர் பதில் மாறவில்லை.

முந்தாநாள் அனார்குலுக்கு ஒரு போன் வந்தது. சர்வர் பராமரிக்கும் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன், அவள் கம்ப்யூட்டரின் பெயரையும் உள்நம்பரையும் பிசகில்லாமல் சொன்னான். நம்மாள் இல்லாமல் வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்து அவள் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே திரை பூட்டிக்கொண்டது. தொட்டிகள் குளிரவில்லை. பூட்டைத் திறக்கப் பணம் கேட்டு மிரட்டல் வருவதற்குள் பால் திரிந்துவிட்டது.

"அண்ணே, அதை இப்ப அடைச்சிட்டா, அக்கா சொல்றதுக்கு என்ன சாட்சி?" என்றான் ஏர்மெக்.

"ஓட்டை ஆலையோடதுன்னு தெரிஞ்சா காப்பீட்டுக்காரன் ஒரு காசு தரமாட்டான். பால் ஊத்தினவங்களுக்குக் குடுக்கப் பணத்துக்கு நான் எங்கே போவேன்? பாஸ்வேர்டை அவ வாயாலதானே குடுத்தா? நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே." மிர்லான் குரலைத் தணித்துக்கொண்டார். "மறுபடியும் மாஸ்கோவுக்குப் போய்ப் பனி வாரப் போறியா?"

மாஸ்கோவில் பனி வாரித்தான் ஏர்மெக்கின் வலது கை விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அவன் அங்கே இருந்தபோதுதான் மகன் பிறந்தான். ஊர் திரும்பி வந்து வாசலில் நின்ற அன்று, பையன் நடந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ வந்திருப்பதாக அம்மாவிடம் சொல்ல ஓடினான்.

அவன் இரண்டு வரிகளை மாற்றினான். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். மேலே ஆர்டர் நின்றதாக யாரும் வந்து கேட்கக்கூட இல்லை.

மத்தியானம் மிர்லானின் அறையில் ரொட்டியும் பாலேடும் வைத்து, பால் கலந்த தேநீர் ஊற்றினார்கள். காப்பீட்டு அதிகாரி இளவயதுக்காரர், மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். அனார்குல் சலவை செய்த முக்காடு கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மெஷின் பேரு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

"இணையதளத்துலயே தெரியும் தம்பி. தப்பா ஏதாச்சும் அடிச்சுப் பாருங்க, வரும்."

அவர் அடித்துப் பார்த்தார். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது. பக்கம் இல்லை என்ற ஒரு வரி, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வேறொன்றை அடித்தார். அதுவும் அப்படியே வந்தது.

"இங்க உங்க பேரே இல்லையேம்மா."

"இருக்கும் தம்பி. இப்படிக் குடுங்க." அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். வெள்ளைப் பக்கம் வந்தது. இன்னொரு தரம் அடித்தாள். பிறகு திரும்பி, கதவோரம் உட்கார்ந்திருந்த ஏர்மெக்கைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகமே இல்லை.

"ஏர்மெக், நீதானேடா காட்டினே? சொல்லு அவருக்கு."

கீழே மண்வெட்டி சிமெண்ட் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஏர்மெக் தன் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டான்.

"எனக்கு ஞாபகம் இல்லைக்கா."

அனார்குல் மடிக்கணினியை அதிகாரி பக்கம் திருப்பி வைத்தாள். மிர்லான் கெட்டிலை எடுத்தார். அதிகாரிக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றினார். ஏர்மெக்குக்கும் பாதிக் கிண்ணம் ஊற்றினார். அனார்குலின் கிண்ணத்தை மட்டும் விளிம்பு தட்ட நிரப்பினார். எழுந்து போகவேண்டிய விருந்தாளிக்குத்தான் அப்படி ஊற்றுவார்கள்.

அவள் அதைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஏர்மெக்கைக் கடந்து போகும்போது நின்றாள்.

"அந்த மெஷின்லேர்ந்து என் பேரை எடுத்துடு."

கதவு சாத்திக்கொண்டது. அதிகாரி ரொட்டியைப் பிட்டு, பாலேட்டில் தோய்த்து, நன்றாக இருக்கிறது என்றார். நிரம்பிய கிண்ணத்தின் மேல் மெல்ல ஆடை கட்டிக்கொண்டிருந்தது.