கம்பி சொருகாத கார்டு

“கம்பியே சொருகாத ஒண்ணு எப்படி அத்தா எல்லாரையும் தொந்தரவு பண்ணும்?” என்று ஏழு வயது ஹனீன் ஒருநாள் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்து வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள். அன்வர் சிரித்துவிட்டு, மகளுக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தார்.

தேக்காவில் மளிகை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் மாடியில் அவர் கணினிப் பொறுப்பாளர். ஒரு மாதமாக மதியம் ஒன்றேகால் ஆனால் சர்வர் திணறும். கீழே லாரி ஓட்டுநர்கள் டெலிவரி சீட்டு வராமல் காத்துக் கிடப்பார்கள். கண்காணிப்புத் திரை ஒரே பெயரைக் காட்டியது: சர்வருக்குள் உபரியாகப் பொருத்தியிருந்த, இணையக் கம்பி சொருகும் இரண்டாவது நெட்வொர்க் கார்டு. அது நொடிக்கு ஆயிரக்கணக்கில் ‘இன்டரப்ட்’ அனுப்புகிறதாம். அதாவது, ‘என்னைக் கவனி’ என்று சர்வரின் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறதாம். அதில் கம்பியும் இல்லை, விளக்கும் எரியவில்லை.

அதைப் பொருத்தியவர் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் திலீப்.

“அது சும்மா கிடக்குது பாய்,” என்றார் அவர். “சும்மா கிடந்தா பழி வந்து தானா ஒட்டிக்கும் லா.”

மேலாளர் ரோஷினி சிரிக்கவில்லை. “இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள ரிப்போர்ட் வேணும், அன்வர். கார்டுதான் காரணம்னா திலீப்போட காண்ட்ராக்டை நான் ரினியூ பண்ண மாட்டேன்.”

கார்டுதான் காரணம் என்று ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது. அனுப்பத்தான் கை வரவில்லை. போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அன்வர் பேக்கப் எடுக்க மறந்து தொழுகைக்குப் போய்விட, திலீப் அதை எடுத்துவைத்து, பதிவேட்டில் அன்வர் பெயரையே எழுதியிருந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

கண்ணால் பார்த்துவிடுவோமென்று, அன்று வழக்கமாக ஒன்றேகாலுக்குப் போகும் லுஹர் என்னும் மதியத் தொழுகையைச் சற்றுத் தள்ளிவைத்து சர்வர் அறையில் உட்கார்ந்தார். ஒன்றேகால் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. சர்வர் சாதுவாக ஓடியது. சரி, தொழுதுவிட்டு வரலாமென்று எழுந்து, வழக்கம்போல் கைபேசியைச் சர்வரின் பின்பக்க யூஎஸ்பி துளையில் சார்ஜில் போட்டார். இறைவன் முன் நிற்கும்போது எதுவும் குறுக்கிடக் கூடாதென்று அதை இங்கேயே விட்டுப் போவது அவருடைய ஒரு மாதப் பழக்கம்.

திரையில் எண்கள் பாய்ந்தன.

பிடுங்கினார், நின்றன. சொருகினார், பாய்ந்தன. பொய்யாக இருக்கட்டுமென்று மூன்றாம் முறையும் பார்த்தார். தேய்ந்துபோன சார்ஜர் வயர் விட்டுவிட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்டரப்டுகளின் முழுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். அந்தத் துளைக்கும் கார்டுக்கும் சர்வரை அழைக்கப் பொதுவாக ஒரே வழிதான்; கண்காணிப்புத் திரை அதில் கார்டின் பெயரை மட்டும் காட்டியிருந்தது. தட்டியதெல்லாம் இவருடைய வயர். பெயர் விழுந்தது கார்டின்மேல்.

இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பழைய ரிப்போர்ட்டை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: ‘காரணம், நான் சார்ஜில் போட்ட கைபேசி. கார்டிலும் அதைப் பொருத்தியதிலும் குறை இல்லை. அன்வர்.’ பேக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அனுப்பினார்.

பிறகு கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொழப் போனார்.