கமோடோர் மடக்காத குடை

இந்து சமுத்திரத்தில் அடிமை வியாபாரம் ஒழிந்ததற்கு முழுக் காரணமும் ஒரு தொப்பி.

கோபிசங்கர் இதைச் சொன்னபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து வாலிபர் சங்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறவன். லீவுக்கு வந்து றொசல்ல ஸ்டேசனில் இறங்கி, மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் அவன் தலைக்குள் ஒரு முழு நாடகம் முளைத்திருந்தது.

“பீரங்கியில்ல, கப்பலும் இல்ல. பிரிட்டிஷ் கடற்படைக் கமோடோரு சான்சிபாரு சுல்தான் முன்னுக்குப் போய் நிக்கிறான். தொப்பியக் கழட்டல. அவ்வளவுதான். இவன் வளையிற ஆளில்லன்னு சுல்தானுக்கு வெளங்கிப்போச்சு. அடிமைச் சந்தைய இழுத்து மூடிட்டான்.”

“இது புத்தகத்துல இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல. இது ஆராய்ச்சி.”

அதோடு நிறுத்தியிருந்தால் சரித்திரத்துக்கு மட்டும்தான் நட்டம். அவன் எங்கள் பக்கம் திரும்பினான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தை நடத்துகிற தொரையுடைய ஜீப் வந்தால், ரோட்டில் நடந்து போகிறவர் ஓரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்குவார். குடையை மடக்குவார். ஜீப் போய் மறையும்வரை நனைந்துகொண்டு நிற்பார். பிறகு கானை விட்டு ஏறிக் குடையை விரிப்பார். இப்படிச் செய்யச் சொல்லி எங்கேயும் சட்டமில்லை. வெள்ளைக்காரத் தொரைமார் கப்பலேறிப் போனார்கள், அரசாங்கம் வந்தது, கம்பனி வந்தது, கம்பனியும் கைமாறியது. குடை மட்டும் மடங்கிக்கொண்டே இருக்கிறது.

கோபி வந்து இறங்கிய அன்றைக்கே பழனியாண்டி மாமா அப்படிக் கானில் நிற்பதைப் பார்த்துவிட்டான். அதிலும் அன்றைக்கு ஜீப்பில் தொரை இல்லை. டிரைவர் லக்ஸ்மன் தனியாகப் பேக்கரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

“மாமா, உள்ள தொரை இல்ல. லக்ஸ்மன் பாண் வாங்கப் போறான். பாணுக்கா குடைய மடக்குனீங்க?”

பழனியாண்டி மாமா நிதானமாகக் குடையை உதறினார். “வாறப்ப உள்ளுக்கு யாரு இருக்காங்கன்னு கண்ணாடியில தெரியாது தம்பி. மடக்குறது லேசு. மடக்காமப் போயிட்டுப் பொறகு யோசிச்சுக்கிட்டு கெடக்குறதுதான் கஷ்டம்.”

“நான்னா செத்தாலும் மடக்க மாட்டேன்.”

“செத்தா மடக்கத் தேவையில்ல. மத்தவங்க பாத்துக்குவாங்க.”

இதற்குப் பதில் சொல்லும் விதமாகத்தான் கோபி நாடகத்தை எழுதினான். பெயர், ‘அடிமைக் கப்பல்’. கமோடோர் வேடம் அவனுக்கு. அவனுக்கு அடுத்த அதிகாரி, லெப்டினன்ட், நான். தொப்பி, ஸ்கூல் பேண்ட் குழுவிலிருந்து இரவல் வாங்கியது.

நாடகத்தைப் போடவேண்டும் என்று எங்களைவிட அவசரப்பட்டவர் ஜெயந்தினி டீச்சர். அவருக்கு அடிமைகளைப் பற்றியோ தொப்பிகளைப் பற்றியோ கவலையில்லை. அவர் கவலை ஒரு பூட்டு.

டீச்சர் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பெண். பின்னேரங்களில் தன் வீட்டு முன்காம்பராவில் ஓ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அடுப்புப் புகை சுவருக்கு மேலால் வரும். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேத்திரகணிதம் போடுவார்கள். நிறுவல் முடிவதற்குள் முக்கோணம் மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பழைய பிள்ளைக்காம்பரா சும்மா கிடக்கிறது. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அந்தக் கட்டடத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று கட்டியாயிற்று. பழையதற்குள் இப்போது ஓட்டை விழுந்த பூச்சிமருந்து டாங்கிகள் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் பூட்டு. சாவி தொரையின் ஆபிசில். டீச்சர் போய்க் கேட்ட ஒவ்வொரு முறையும், “பார்ப்போம்” என்றார் தொரை. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

“நாடகத்தப் பிள்ளைக்காம்பரா வாசல்ல போடுங்க,” என்றார் டீச்சர். “தொரையப் பிரதம விருந்தாளியாக் கூப்புடுவோம். நாடகம் முடியிற வரைக்கும் அவரு அந்தப் பூட்டையே பாத்துக்கிட்டு இருக்கட்டும். அதுக்குப் பொறகு நான் கேக்குறேன்.”

“நாங்க கடற்படை டீச்சர். கெஞ்ச மாட்டோம்,” என்றான் கோபி.

“கெஞ்சுறது என் வேல. நீ சும்மா தொப்பியப் போட்டுக்கிட்டு நில்லு.”

பிரித்தானியா கடற்படையையும் ராஜதந்திரத்தையும் தனித்தனியாக வைத்திருந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆள் சேர்ப்பதில் சிக்கல் வந்தது. சங்கத்தில் எல்லோருக்கும் கடற்படையில்தான் சேரவேண்டுமாம். அடிமையாக ஒருவரும் வரமாட்டார்கள். ஒத்திகைக்குப் பிந்தி வருகிறவன் அடிமை என்று கோபி சட்டம் போட்டான். சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து நடக்காத அதிசயமாக, மறுநாள் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கப்பல் நிறையக் கடற்படை. விடுதலை செய்ய ஓர் ஆளில்லை.

கடைசியில் கொழுந்து மலையிலிருந்து இறங்கி வந்த வீரம்மா அக்காவிடம் கேட்டோம்.

“அடிமைன்னா என்னா செய்யணும்?”

“கப்பல்ல உக்காந்திருக்கணும் அக்கா,” என்றேன்.

“உக்காந்தா? நாடகம் முடியிற வரைக்குமா?”

“ஆமா.”

“கூட நாலு பேரக் கூட்டிட்டு வரவா?”

இப்படி அடிமைகள் கிடைத்தார்கள். சுல்தானாகப் பழனியாண்டி மாமாவைப் போட்டான் கோபி. அதில் ஒரு நோக்கம் இருந்தது. குடையின் கீழே உட்கார்ந்திருக்கிற சுல்தானை மேடையில் வைத்து மிரட்டினால், தோட்டமே பாடம் படிக்கும் என்று நினைத்தான். மாமா மறுக்கவில்லை. குடை தன்னுடையதுதானே, கொண்டுவருகிறேன் என்றார்.

கடலாக விரிப்பதற்கு, நாகலெட்சுமி அக்கா வீட்டுக் கூரை ஒழுகாமலிருக்கப் போட்டிருந்த நீலத் தறப்பாளை இரவல் வாங்கினோம். மழை பெய்தால் அந்த நிமிடமே திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஒத்திகையில் வீரம்மா அக்கா சும்மா உட்காரவில்லை. “தம்பி, இந்தக் கதை எந்தக் காலம்?”

“நூத்தம்பது வருசம் இருக்கும் அக்கா.”

“அந்தக் காலத்துலதானே நம்மாளுங்களையும் இந்தியாவுலயிருந்து கப்பல்ல ஏத்தி இந்த மலைக்குக் கொண்டாந்தாங்க?”

“ஆமா.”

“கொண்டாந்தவனும் வெள்ளக்காரன். அடிமக் கப்பலப் புடிச்சவனும் வெள்ளக்காரன். நம்ம கப்பல ஏன் புடிக்கல?”

கோபி தொப்பியை நேராக்கினான். “அக்கா, அது வேற டிப்பாட்மென்ட்.”

வீரம்மா அக்கா தலையாட்டினார். டிப்பாட்மென்ட் மாறினால் வேலை நடக்காது என்பது எங்கள் தோட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம்.

நாடகத்தன்று தொரை பிந்தித்தான் வந்தார். வயது குறைந்தவர், சிங்களவர். தமிழ் கொஞ்சம் விளங்கும். வருவாரோ மாட்டாரோ என்று பார்த்துப் பார்த்து, கோபி ஆரம்பித்துவிட்டான். நீலத் தறப்பாள் மேல் மூங்கில் கப்பலோடு கடற்படை அணிவகுத்து நின்றது. கமோடோர் தொப்பியை ஒரு விரலால் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுல்தான் முன்னால் போனான்.

“ஏ சுல்தானே! உனது அடிமைச் சந்தையை இன்றே மூடு! மறுத்தால் உன் தீவைச் சுற்றி எங்கள் கப்பல்கள் நிற்கும்! எவர் முன்னும் கழற்றாத தொப்பி இது!”

சரியாக அந்த இடத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

சான்சிபார் சுல்தான் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். குடையை மடக்கினார். மேடைக்கு ஓரத்திலிருந்த கானைத் தேடி இறங்கி அதற்குள் நின்றார்.

“மாமா!” என்று கோபி பல்லைக் கடித்தான். “நீங்க சுல்தான்! இது உங்க தீவு!”

“தீவு என்னுதுதான் தம்பி. ரோட்டு தோட்டத்துது.”

தொரை வந்து உட்கார்ந்த பிறகுதான் சுல்தான் மேடைக்குத் திரும்பினார். அதற்குப் பின் அவரை மிரட்டுவதில் கோபிக்கு மனமில்லை. அவசர அவசரமாக, சந்தையை மூடும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினான். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. நாகலெட்சுமி அக்கா சபையிலிருந்து எழுந்து வந்து, இந்து சமுத்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பிரித்தானியக் கடற்படை சிமெந்துத் தரையில் நின்றது.

கோபி அசரவில்லை. வெறுந்தரையில் நடந்து போய் அடிமைக் கப்பலைப் பிடித்தான். “சகோதர சகோதரிகளே! இன்று முதல் நீங்கள் சுதந்திரப் பிரஜைகள்! எங்கள் கப்பலில் ஏறுங்கள்!”

இந்த இடத்தில் அடிமைகள் மகிழ்ச்சியில் கூவவேண்டும். வீரம்மா அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார்:

“ஏறி எங்க போறது?”

ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஆனால் கோபி படித்தவன், பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

“சீசெல்ஸ் தீவுக்கு!”

“அங்க என்னா இருக்கு?”

“தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே உங்களுக்கு வேலை...” வாக்கியத்தின் நடுவில் அவன் குரல் மெலிந்தது.

“தோட்டமா? அப்ப காலையில பெரட்டு எத்தன மணிக்கு?”

விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பதுதான் பெரட்டு. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அன்றைக்குக் காலையில் அதில் நின்றுவிட்டு வந்தவர்கள்தான். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. தோட்டம் முழுவதும் தொரையின் முகத்தைப் பார்த்தது. தொரை பக்கத்திலிருந்த ஆபிஸ் பெரிய கிளாக்கரைப் பார்த்தார். கிளாக்கர் குனிந்து சிங்களத்தில் விளக்கினார். ஜெயந்தினி டீச்சர் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொரை சிரித்தார். நன்றாக, தோள் குலுங்கச் சிரித்தார்.

அதன் பிறகு தோட்டம் சிரித்த சிரிப்பு மலைகளைத் தாண்டி இறம்பொடைவரை கேட்டிருக்கும். கமோடோர் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இன்னும் ஒரு பக்க வசனம் மிச்சமிருந்தது.

கூட்டம் கலையும்போது டீச்சர் தொரையிடம் போய்ச் சாவியைக் கேட்டார். தொரை பூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “நாளைக்குப் பார்ப்பம் டீச்சர்,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“பார்ப்போம்னு சொல்றது வழக்கம். இன்னைக்கு, ‘நாளைக்கு’ன்னு ஒரு நாளையும் சேத்துச் சொல்லியிருக்காரு,” என்றார் டீச்சர். “விடக்கூடாது. நாளைக்குக் காலையில நான் ஸ்கூல்ல நிக்கணும். கோபி, நீ ஆபிசுக்குப் போ. நேத்தைய நாடகத்துக்கு வந்ததுக்கு நன்றின்னு ஆரம்பிச்சு, சாவியக் கேளு. வாயக் குடுத்துக் கெடுத்துராத. பிள்ளைங்க பாவம்.”

மறுநாள் மழை. கோபி குடை பிடித்துக்கொண்டு முன்னால் போனான். லெப்டினன்ட் என்பதால் நான் பின்னால் போனேன். தொப்பி அவன் தலையில் இருந்தது. போகிற வழியில் ஸ்கூலில் திருப்பிக் கொடுப்பதற்காக என்றான். ஸ்கூல் எதிர்ப்பக்கம்.

முதல் வளைவு வரைக்கும் அவன் தொரையிடம் பேசவேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். “பிள்ளைக்காம்பராவை உடனே ஒப்படைக்க வேண்டும்!” வளைவு தாண்டியதும், “ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்,” என்று ஆனது. ஆபிஸ் கூரை கண்ணில் பட்டபோது, “சேர், நேரமிருந்தா ஒரு சின்ன விசயம்,” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“டேய் திலக்ஷன்,” என்றான் திடீரென்று. “நேத்து பெரட்டுக் கதைக்கு அவரு சிரிச்சது நெசச் சிரிப்புதானே?”

“தோள் குலுங்கிச்சு.”

“கோவத்துலயும் குலுங்கும்டா.”

எதிரே பழனியாண்டி மாமா வந்துகொண்டிருந்தார். கோபி அவருக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது மேல் வளைவில் ஜீப் சத்தம்.

மாமா வழக்கம்போலக் கானில் இறங்கினார். நானும் இறங்கினேன், லெப்டினன்ட்களுக்குக் கொள்கை கிடையாது. கமோடோர் நடுரோட்டில் நின்றான். ஜீப் வளைவில் திரும்பியது. கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்தது. உள்ளே யாரென்று தெரியவில்லை.

பக்கத்தில் சரசரவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். கோபி கானுக்குள் நின்றான். குடை மடங்கிக் கையில் இருந்தது. தொப்பி கக்கத்தில் இருந்தது. பழனியாண்டி மாமா ஓரடி நகர்ந்து அவனுக்கு இடம்விட்டார்.

ஜீப் நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே லக்ஸ்மன் மட்டும் இருந்தான்.

“டீச்சர்ட்ட குடுக்கச் சொல்லி தொரை தந்துட்டாரு. நேத்தே முடிவு பண்ணிட்டாராம்,” என்று ஒரு சாவியை நீட்டினான். கோபி மழையில் நனைந்தபடி இரண்டு கையாலும் வாங்கினான். “என்னாத்துக்குடா நனையுற? நான் பாண் வாங்கப் போறேன்,” என்று சொல்லிவிட்டு லக்ஸ்மன் கண்ணாடியை ஏற்றினான்.

ஜீப் புறப்பட்டது. நான் குடையை விரித்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினேன்.

கோபி ஏறவில்லை. சாவியைப் பொத்திக்கொண்டு, மழைநீர் மூக்கு நுனியில் சொட்ட, பழனியாண்டி மாமாவுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றான். ஜீப் கீழ் வளைவில் திரும்பி முழுதாக மறைந்த பிறகுதான் குடையை விரித்தான்.