திங்கட்கிழமை மஞ்சள்

"கண்ணு இருக்கா, இல்ல அந்த இடத்துல ரெண்டு ரப்பர் கொட்டையைப் பதிச்சு வச்சிருக்கியா?"

"சத்தியமா சொல்றேன் ஜே, அந்த மெயில்ல ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை."

"வெறும் வெள்ளையா? படகு ஒரு நாள் முன்னாடி கிளம்புதுன்னு அனுச்சித் எட்டு வரி எழுதியிருக்கான். எல்லாரும் படிச்சாச்சு. உன் பெட்டிக்கு மட்டும் வெள்ளையா வந்துச்சா?"

"திங்கட்கிழமை மெயில் எனக்கு எப்பவும் அப்படித்தான் தெரியுது..."

"அப்போ திங்கட்கிழமை சம்பளத்தையும் வெள்ளையாவே வாங்கிக்கிறியா?"

எனக்கும் அந்த ரப்பர் ஏற்றுமதி ஆபீசுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் என் காப்பிக் கடை. நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. ஆனால் ஜே ஹியாங் குரலை உயர்த்தினால் என் கடைக் கண்ணாடித் தம்ளர்களே திரும்பிப் பார்க்கும். ஜே என்றால் சீனத்தில் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். திராங் ஊரில் நாலு கிடங்கு வைத்திருப்பவள் எல்லாருக்கும் அக்காதான்.

திட்டு வாங்கியவள் ரம்பாய். ஐம்பத்தாறு வயது. இருபத்தாறு வருஷமாக அந்த ஆபீசில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. எந்த லாரி எப்போது கன்தாங் துறைக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. இரண்டு கண்ணிலும் புரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். முறை வர ஏழு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஏழு மாதத்தை எப்படியாவது நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. எழுந்துவிட்டால், புரைக்கண்ணோடு வருகிற ஐம்பத்தாறு வயதுக்காரியை எவன் உட்கார வைப்பான்?

"இதான் கடைசி," என்றாள் ஜே. "இன்னொரு லாரி தப்பாப் போச்சுன்னா நீயும் அதுலயே ஏறிப் போயிடு."

அந்த மெயில் வந்தது மஞ்சள் எழுத்தில். இந்த மஞ்சள் விவகாரம் ஜேயின் ஜோசியர் கிளப்பியது. திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு ரோஜா நிறம், புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு ஆரஞ்சு, வெள்ளிக்கு வெளிர்நீலம், சனிக்கு ஊதா, ஞாயிறுக்குச் சிவப்பு. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சட்டை போடுவோம், பூ வைப்போம், அதோடு சரி. ஜோசியர் ஒரு படி மேலே போய், "உங்க வியாபாரம் முழுக்க மெயில்லதானே ஓடுது, அது நாளுக்கு விரோதமான நிறத்துல போனா லட்சுமி எப்படித் தங்குவா?" என்று கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அந்த ஆபீசில் ஒவ்வொரு மெயிலும் கிழமையின் நிறத்தில்தான். மற்ற நிறங்களை ரம்பாய் மூக்கைத் திரையில் தேய்த்தாவது படித்துவிடுவாள். வெள்ளைத் திரையில் மஞ்சள் எழுத்தை எந்த மூக்கால் படிப்பது?

நான்தான் விதூனுக்குச் சொல்லி அனுப்பினேன். ரயிலடிப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவன். நல்ல பையன், ஆனால் காப்பியில் கட்டிப்பால் போதவில்லை என்று ஒரு நாள் விடாமல் குறை சொல்வான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜே தலைமுடி சுருட்டிக்கொள்ளப் போகிற நேரம். அந்த நேரமாகப் பார்த்து அவனை உள்ளே விட்டேன். காப்பித் தம்ளர் எடுக்கிற சாக்கில் நானும் போனேன். தம்ளர் இரண்டுதான் இருந்தது. எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"முதல்ல திரையைக் கறுப்பாக்கிப் பாப்போம் அக்கா," என்றான் விதூன்.

கறுப்பாக்கினான். மஞ்சள் பளிச்சென்று வந்தது. ரம்பாய்க்கு வாயெல்லாம் பல். அடுத்து சனிக்கிழமை மெயிலைத் திறந்தான். ஊதா எழுத்து கிணற்றில் விழுந்த கத்தரிக்காய் மாதிரிக் காணாமல் போனது.

"ஒரு நாளைக்குக் கண்ணைத் தொறந்தா இன்னொரு நாளைக்கு மூடுதே தம்பி."

"பொறுங்க. அமைப்புக்குள்ள நிறத்துக்குன்னு ஒரு இடம் இருக்கு. எழுதினவங்க எந்த நிறத்துல வேணா எழுதிட்டுப் போகட்டும், உங்க மிஷின்ல நீங்க சொல்ற நிறத்துலதான் காட்டணும்னு கட்டளை போட்டுடலாம். எப்பவும்னு ஒரு பட்டன், அதைத் தட்டினா முடிஞ்சது. அவங்க மிஷின்ல ஒண்ணும் மாறாது. ஜேயோட மஞ்சள் மஞ்சளாவே இருக்கும்."

பின்னணிக்கு வெளிறிய சந்தன நிறம், எழுத்துக்குக் கறுப்பு, அளவு இரண்டு மடங்கு. தட்டினான். அந்தத் திங்கட்கிழமை மெயிலைத் திறந்தான்.

எட்டு வரியும் எழுந்து நின்றன. ரம்பாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கைத் தேய்க்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தாள். படகு, நேரம், கிடங்கு எண், கீழே அனுச்சித்தின் பெயர். அனுச்சித் ஜேயின் தம்பி மகன், ஆபீஸ் மேனேஜர்.

பெயருக்குக் கீழேயும் எழுத்து இருந்தது. படிக்கிற வேகத்தில் அதையும் படித்துவிட்டாள்.

"'உன் பெரியம்மா இன்னிக்கும் திரையை மோந்து பாக்குறா. நாய் தோத்துச்சு.'"

விதூன் சட்டென்று கையை நீட்டினான். "இது... மறைச்சு எழுதினது அக்கா. வெள்ளை மேல வெள்ளை. மவுசால இழுத்துப் பாத்தாத்தான் தெரியும். நான் எல்லாத்தையும் கறுப்பாக்கிட்டேன், அதான். மூடிடுறேன்."

"மூடாதே. கீழ போ."

அந்த ஆபீசில் பெரியம்மா என்று அவளைக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். யாதா. ரம்பாயின் செத்துப்போன தங்கை மகள். ஏழு வயதிலிருந்து அவளை வளர்த்து, படிக்க வைத்து, போன வருஷம் ஜேயின் காலைப் பிடித்து அந்த ஆபீசிலேயே வேலைக்குச் சேர்த்ததும் ரம்பாய்தான். காலையில் போனையெல்லாம் வாசல் கூடையில் போட்டுவிட வேண்டும், வருகிற போகிற மெயிலை எல்லாம் ஜே படிப்பாள். காதலிக்கிறவர்களுக்கு அந்த ஆபீசில் வேறு வழி இல்லைதான். அனுச்சித் எல்லாருக்கும் அனுப்புகிற மெயிலின் அடியில் அவளுக்கு இரண்டு வரி. அவள் எல்லாருக்கும் போடுகிற 'கிடைத்தது, நன்றி'யின் அடியில் அவனுக்கு இரண்டு வரி. ஜேயின் கண்ணுக்கு வெறும் வெள்ளை.

காதல் வரிகளாக மட்டும் இருந்திருந்தால் ரம்பாய் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். பதினோரு மெயில் படித்தாள். ஒன்பதாவது யாதாவுடையது. அதை மட்டும் உரக்கப் படிக்கவில்லை. நான் தம்ளரைத் துடைக்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டேன்.

'அவங்களுக்கு மஞ்சள் தெரியாது. படகு சமாசாரம் எல்லாத்தையும் திங்கட்கிழமையே போடுங்க. ரெண்டு தடவை தப்பினா ஜே அனுப்பிடுவாங்க. ஜன்னல் நாற்காலி எனக்கு. நான் சொன்னதா இருக்கக் கூடாது.'

யாதா அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே வந்தாள். கையில் வறுத்த பன்றி இறைச்சிப் பொட்டலம். திரையைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள், என்னை ஒரு முறை முறைத்தாள். பொட்டலத்தை மேஜையில் வைத்தாள்.

"நாற்காலி வேணும்னு வாயைத் தொறந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?" என்றாள் ரம்பாய். குரல் உயரவே இல்லை.

"குடுத்திருக்க மாட்டீங்க."

"ஏழு மாசம்தானேடி கேட்டேன்."

"உங்களுக்கு எப்பவும் ஏழு மாசம் பெரியம்மா. அதுக்கு முன்னாடி என் படிப்பு முடியட்டும், அதுக்கு முன்னாடி கூரை மாத்தி ஆகட்டும். சோறு போட்டீங்க, ஒத்துக்கிறேன். ஒரு கவளம் பாக்கி இல்லாம சொல்லிக் காட்டுனீங்க. மார்க்கெட்டுல, கோயில்ல, இதோ இந்தக் காப்பிக் கடை அக்காகிட்ட. சொல்லுங்க அக்கா, சொல்லிக் காட்டலையா?"

என்னை ஏன் இழுக்கிறாள்? சொல்லிக் காட்டியது உண்மைதான். தினம் காலை காப்பியோடு அதையும் கேட்டிருக்கிறேன். "நான் தம்ளர் எடுக்க வந்தவ," என்றேன்.

ஜே ஹியாங் சுருட்டிய முடியோடு வந்தாள். வெளிர்நீலச் சட்டை, வெளிர்நீலக் கைப்பை. ரம்பாய் எழுந்து நின்று, "ஜே, நீங்களே படிங்க. நான் ஏன் தப்பு பண்ணேன்னு இதுல இருக்கு," என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் ஜேயை ஒன்றைப் படிக்கச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

ஜே படித்தாள். எல்லாவற்றையும் படித்தாள்.

"இதென்ன கறுப்பு?" என்றாள்.

"ஜே?"

"மெயிலெல்லாம் கறுப்பா இருக்கே. சாவு வீட்டுப் பத்திரிகையா இது? இன்னிக்கு வெள்ளிக்கிழமை, நீலம் எங்க?"

விதூன் குறுக்கே வந்தான். "அது இந்த மிஷின்ல மட்டும்தாங்க ஜே. கண்ணுக்குத் தெரியலைன்னு மாத்தியிருக்கோம். மத்தவங்களுக்கெல்லாம்..."

"எத்தனை மணிக்கு மாத்துனே?"

"பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும்."

"பன்னெண்டரை." ஜே தலையை ஆட்டினாள். "ஒரு மணிக்கு விலை இறங்கிச்சு. முடி சுருட்டுற இடத்துல உக்காந்து யோசிக்கிறேன், நான் என்ன பாவம் பண்ணேன்னு. வீட்டுக்குள்ளயே ஒருத்தி எனக்குக் கருமாதி பண்ணிக்கிட்டு இருக்கா!"

"ஜே, கீழ எழுதியிருக்கிறதைப் பாத்தீங்களா இல்லையா? உங்க தம்பி மகனும் இவளும் சேர்ந்து..."

"பாத்தேன், பாத்தேன்." யாதா பக்கம் திரும்பினாள். "நீ எந்தக் கிழமை பொறந்தே?"

"வி... வியாழன், ஜே."

"அனுச்சித் ஞாயிறு." ஜேயின் முகம் முதல் தடவையாகத் தளர்ந்தது. "ஞாயிறும் வியாழனும் நட்பு. ம்ம். திங்களோ புதனோ சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் தொரத்தியிருப்பேன்."

அப்புறம் ரம்பாயிடம், ஏதோ கிடங்குக் கணக்குக் கேட்கிற குரலில், "உன் சாமானை எடுத்துக்க. இந்த மிஷினை அவன் பழையபடி ஆக்கிட்டுப் போகட்டும்," என்றாள்.

"அவங்க வேணும்னே பண்ணாங்க ஜே."

"பண்ணாங்க. ஆனா என் லட்சுமி மேல கறுப்பு பூசுனது யாரு? அவங்களா, நீயா?"

ரம்பாய் பையை எடுத்தாள். தலையணை, கண்ணாடிக் கூடு, ஒரு ஜாடி ஊறுகாய் மாங்காய். பைக்குள் போக அதிக நேரம் ஆகவில்லை. விதூன் 'எப்பவும்' பட்டனைத் திருப்பித் தட்டினான். கறுப்பெல்லாம் கலைந்து அந்தத் திங்கட்கிழமை மெயில் மறுபடி வெள்ளையானது. நின்ற இடத்திலிருந்து எனக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. நான் தம்ளர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்கிறார்கள். சொல்லலாம்தான். ஜே ஆபீசுக்கு நாளைக்கு முப்பது காப்பி போகிறது.

எங்கள் சந்திரக் கணக்கில் ஆறாம் மாத வளர்பிறையில், ஒரு வெள்ளிக்கிழமை, அனுச்சித்துக்கும் யாதாவுக்கும் கல்யாணம். பந்தல் முழுக்க வெளிர்நீலம். காப்பி என் கடையிலிருந்துதான் போனது. மணப்பெண் நமஸ்காரம் பண்ணப் பெரியவர்கள் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஜேயின் சித்தி ஒருத்தி கால் வலி என்று அதில் உட்கார்ந்துகொண்டாள். இப்போது இருவரும் ஆபீஸ் மாடியில் குடியிருக்கிறார்கள். யாதா முழுகாமல் இருக்கிறாள். குழந்தை எந்தக் கிழமை பிறக்க வேண்டும் என்று ஜோசியர் இப்போதே தேதி குறித்துவிட்டார்.

ஜே ஒரு வார்த்தை சொன்னாள், அந்தத் தெருவில் யாரும் விதூனிடம் மிஷின் கொண்டுபோகவில்லை. கடையை மூடிவிட்டு ஹாட்யாய்க்குப் போய்விட்டான்.

ரம்பாய் ரனோங்குக்குப் போனாள். கூடப் படித்த ஒருத்தி அங்கே படகுத்துறைப் பக்கம் துணி வெளுக்கிற கடை வைத்திருக்கிறாளாம். ஆஸ்பத்திரி முறை வந்த நாளில் ஆள் வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. ரனோங்கிலேயே ஒரு கண்ணுக்கு அறுவை ஆகிவிட்டது என்று இன்னொரு பேச்சு. போகிற அன்று காலை வேன் வரும்வரை என் கடையில்தான் உட்கார்ந்திருந்தாள். காப்பி வேண்டாம் என்றுவிட்டாள். வேன் முன்னால் என்ன ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ரனோங்தான் என்றேன். ஏறிப் போனாள்.