நாத்தனாரின் நிஜ எடை

உல்லாசக் கப்பலில் முடி அலங்கார வேலை கிடைத்து, நாத்தனார் மறுநாள் விமானம் ஏறவேண்டும். பெட்டி இருபத்து மூன்று கிலோவைத் தாண்டக்கூடாது. வீட்டு எடை மெஷினில் முள் இருபதில் நின்றது.

“அதை நம்பாதே,” என்றான் அண்ணன். “காலையில ஆபீஸ் செக்கப்புல நான் எண்பது. இது தொண்ணூறு காட்டுது.”

அண்ணி மருத்துவமனை லேபில் வேலை பார்ப்பவள். அளவு தெரிந்த இரண்டு திரவங்களை ஓட்டிப் பார்க்காமல் எந்த மெஷினையும் நம்ப மாட்டாள். “ஒரு புள்ளி வழியா எத்தனை கோடு வேணும்னாலும் போடலாம். இன்னொண்ணு வேணும். கப்பல் வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட்டுல நீ எவ்வளவு?”

“ஐம்பத்தஞ்சு,” என்றாள் நாத்தனார், ஜன்னலைப் பார்த்தபடி. மெஷினில் ஏறினாள். அறுபத்தைந்து.

“எல்லாருக்கும் பத்து கூட. அப்ப பெட்டி பத்தே கிலோதான்,” என்ற அண்ணன் குஷியாக இன்னும் சாமான் எடுக்க உள்ளே போனான்.

அண்ணி பெட்டியைத் தூக்கினாள். தோள்பட்டை இறங்கிவிடும்போல் இருந்தது.

“இது பத்து கிலோ இல்லம்மா. உங்க அண்ணன் ரிப்போர்ட்டை நான் பாத்தேன், அது சரி. அப்ப உன் புள்ளிதான் இடிக்குது.”

“அறுபது,” என்று முனகினாள் நாத்தனார். “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. அஞ்சு கிலோ குறைச்சுட்டேன்னு பீத்திக்கிட்டிருக்கேன்.”

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதப் பையின் மேல் கிறுக்கினாள். “முள்ளு அறுபத்தஞ்சுலேர்ந்து தொண்ணூறுக்கு இருபத்தஞ்சு ஏறுது. நிஜத்துல இருபதுதான் வித்தியாசம். அப்ப முள்ளோட ஒரு கிலோ, நிஜத்துல 0.8. தொண்ணூறை அதால பெருக்கினா எழுபத்திரண்டு. உங்க அண்ணன் எண்பது. குறையற எட்டைக் கூட்டிக்கணும்.”

y = 0.8x + 8 என்று எழுதினாள். x-க்கு அறுபத்தைந்தைப் போட்டாள். சரியாக அறுபது வந்தது. பெட்டியின் இருபதைப் போட்டாள், இருபத்து நான்கு.

“நமக்குக் கூட்டிக் காட்டுறது பெட்டிக்கு மட்டும் எப்படிக் குறைக்கும்?” என்று கேட்டாள் நாத்தனார்.

“நாற்பதுல சரியா காட்டும். அதுக்கு மேல கூட்டும், கீழே குறைக்கும். காலியா இருக்கும்போது முள்ளு சைபருக்கும் கீழே போகப் பாக்குது, கம்பி தடுக்குது.”

இரண்டு போர்வையும் இஸ்திரிப் பெட்டியுமாக அண்ணன் வந்து நின்றான்.

“எல்லாத்தையும் திருப்பி வைங்க,” என்றாள் அண்ணி. “பெட்டியில ஏற்கெனவே ஒரு கிலோ கூடுதலா இருக்கு.”

“பத்துதானே வந்துச்சு?”

“கணக்குல ஒரு புள்ளி பிசகிடுச்சு.”

முள் பதினெட்டரைக்கு, அதாவது நிஜத்தில் 22.8-க்கு, இறங்கும்வரை செருப்பாகவும் ஷாம்பூவாகவும் வெளியே எடுத்தார்கள். மறுநாள் விமான நிலையத் தராசு இருபத்து மூன்றுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. சீட்டு ஒட்டிய பெட்டி நகர்ந்து போனதும், நாத்தனார் அண்ணியை இறுகக் கட்டிக்கொண்டாள்.