கை காட்டும் சாமி

என் கை வேணு அண்ணனைக் காட்டியபோது அவர் எனக்கு முன்னால் குனிந்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் குறைத்தார். சத்தம் தாங்காமல் நான் காதைப் பொத்தியதை அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பார்த்தார். மைக் செட் அவருடையது.

அவர் நிமிர்வதற்குள் என் அண்ணன் கலையரசன் மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவர் முதுகில் அடித்தான். அவருடைய ஸ்டாண்டு, இரும்பு. வேணு அண்ணன் கத்தவில்லை. யார் அடித்தது என்று திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டாவது அடி வாயில் விழுந்தது.

எப்படி அவரைக் காட்டியது என்று சொல்ல வேண்டுமென்றால் என் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பில் மாதிரித் தேர்வு எழுதும்போது அது எனக்கு முதல் தடவை வந்தது. காரணம் எதுவும் இல்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஆரம்பித்தது. பிறகு தட்டுவது உடைப்பதாகிவிட்டது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. உதடு மரத்தது, உள்ளங்கையில் ஊசி குத்தியது. கடைசியில் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீட்டிக்கொண்டு, விறகுபோல் இறுகிவிட்டன. பேனாவை டீச்சர்தான் பிடுங்கி எடுத்தார். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூட கேட்டைப் பார்த்தாலே வந்தது. நின்றுவிட்டேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அம்மா வைத்திருக்கும் டீக்கடையில் கிளாஸ் கழுவ ஆரம்பித்தேன்.

போன வருஷம் ஆடியில், எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, பம்பைக்காரர் முருகவேல் என் காதுக்குப் பக்கத்தில் வந்து அடித்தார். வந்துவிட்டது. வாய் திறக்க முடியவில்லை. இறுகிப்போன கை மட்டும் ஏரிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அன்று காலையில் காணாமல் போயிருந்த ஒரு பசு ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது.

பூசாரி காசி என் தாய்மாமா. அவர் என் நெற்றியில் குங்குமத்தை அப்பி, "இது பேசாத சாமி. வாயத் தொறக்காது. கை காட்டும்" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் செல்போன் தொலைத்தவர்கள், கொலுசு தொலைத்தவர்கள், பெண்டாட்டி ஓடிப்போனவர்கள் எல்லாரும் வந்தார்கள். சாமி தானாக வரவில்லையென்றால் வரவழைக்க மாமாவுக்குத் தெரியும். கருவறை வாசலில், நகர இடமில்லாத மூலையில் உட்கார வைப்பார். மூக்குக்கு நேராகக் கற்பூரம். இரண்டு காதுக்கும் இரண்டு பம்பை. எனக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஒருமுறை அம்மாவுக்கு ஊசி போட ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் ஜாஹிரா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"பயம் வந்தா மூச்ச ஜாஸ்தி இழுக்கிற. அதான் விரல் இழுத்துக்குது. இழுக்காத, வெளிய விடு. டீ ஆறலன்னா ஊதுவ இல்ல, அந்த மாதிரி மெதுவா ஊது. ஒடனே கேக்காது. விடாம ஊது. டவுன் பெரியாஸ்பத்திரியில மனசு டாக்டரு இருக்காரு, அம்மாவ இட்டுனு போகச் சொல்லு."

அம்மா வெளியே வந்ததும் அதைச் சொன்னேன். "சாமி வர்ற பொண்ண பைத்தியக்கார டாக்டர்கிட்ட இட்டுனு போனா ஊரு சிரிக்கும்" என்றார். ஊதுவதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கடையில் யாரும் இல்லாதபோது வெறும் கிளாஸை ஊதிப் பழகினேன்.

இந்த வருஷம் மூன்றாம் ஆடி வெள்ளியன்று, அலங்காரம் செய்யப் போன மாமா வெளியே ஓடிவந்தார். அம்மன் கழுத்தில் தாலி இல்லை.

தெருவே கூடிவிட்டது. கலையரசன் தன் கூட்டாளிகளோடு வந்தான். அவன் கட்சிக் கொடி கட்டுவான், பேனர் கட்டுவான், அடிக்க ஆள் வேண்டுமென்றாலும் போவான். "தங்கச்சிய உக்கார வையி மாமா" என்றான். "சாமி யாரக் காட்டுதோ அவன் இன்னிக்கு நடந்து வூட்டுக்குப் போவ மாட்டான்."

அதைக் கேட்டதுமே எனக்கு நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. ஊத நினைவே வரவில்லை. கற்பூரப் புகையில் கண் எரிந்தது, கை இறுகியது, எழுந்தது. அந்த நேரம் பார்த்து வேணு அண்ணன் சத்தத்தைக் குறைக்கக் குனிந்தார்.

நான்கு பேர் அடித்தார்கள். ஒருவன் அவருடைய ஒயரையே மடித்து அடித்தான். கலையரசன் செருப்புக் காலால் கணுக்காலில் ஏறி நின்றான். கீழே விழுந்த மைக் அணையாமல் கிடந்தது. அதனால் ஒவ்வொரு அடியும் ஸ்பீக்கர் குழாய் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. வேணு அண்ணன் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிய சத்தம்கூடக் கேட்டது. கிரிவலப் பாதையில் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் ஏதோ கூத்து என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார்.

"எங்கடா வெச்ச?"

"எதடா? நான் உள்ளயே போகலடா."

"சாமி பொய் சொல்லுதா?"

"சாமி இன்னா சொல்லுச்சோ எனக்குத் தெரியாது. நான் எடுக்கல."

அவரை வேப்பமரத்தில் கட்டினார்கள். அவர் மனைவி தங்கம்மாள் இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்து கலையரசனின் சட்டையைப் பிடித்தாள். அவன் உதறியதில் குழந்தையோடு மண்ணில் விழுந்தாள்.

"மாமா, மறுபடி எறக்கு. எங்க வெச்சிருக்கான்னு சாமி காட்டட்டும். அங்க எவன் நிக்கிறானோ அவனும் கூட்டு. அவனையும் சேத்துக் கட்டுவோம்."

கூட்டம் பின்வாங்கியது. என் முன்னால் நிற்க யாருக்கும் தைரியம் இல்லை. தங்கம்மாள் மட்டும் நகரவில்லை. குழந்தையின் தலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, மரத்தடியில், நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தடவை ஊத நினைவு வந்தது. உதட்டைக் குவித்து ஊதினேன். நெஞ்சு இடித்தது. மறுபடி ஊதினேன். கீழே கிடந்த மைக் என் பக்கம் இருந்ததால், என் மூச்சு ஸ்பீக்கரில் பெருங்காற்றுபோல் போனது. விரல்கள் இன்னும் என்னுடையவையாகத்தான் இருந்தன. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன்.

"இது சாமி இல்லண்ணா. எனக்கு வர்ற வியாதி. வேணு அண்ணன் எடுக்கல. என் கை சும்மா நீட்டிக்கிச்சி. அவர அவுத்து வுடு."

நான் அத்தனை பேர் முன்னால் பேசியது அதுதான் முதல் தடவை. குழாயில் என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது.

கலையரசன் அறைந்தான். காதுக்குள் விசில் அடித்தது. "பேசாத சாமின்னு ஊருக்கே தெரியும். நீ யாருடி பேசறதுக்கு?"

"கோவப்படாதப்பா. இன்னும் எறங்கல. அதான் புள்ள ஒளறுது" என்றார் மாமா. கற்பூரத்தைக் கைநிறைய அள்ளித் தட்டில் போட்டார். முருகவேலும் அவர் தம்பியும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். யாரோ என் பின்னந்தலையைப் பிடித்துப் புகைக்குள் அழுத்தினார்கள்.

அதற்கு மேல் ஊத முடியாது. ஊதுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. உதடு போனது. கால் போனது. பம்பை நெஞ்சுக்குள் அடிக்கிறதா வெளியே அடிக்கிறதா தெரியவில்லை. வலது கை விரல்கள் ஒன்றாய்ச் சேர்ந்து இறுகின. கை தானாக எழுந்தது. எதிரே தங்கம்மாளும் குழந்தையும் இருந்தார்கள்.

ஒன்று மட்டும் அப்போது தெரிந்தது. விரல்கள்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. தோள் கேட்டது. முழங்கை கேட்டது. மரத்துப்போயிருந்த இடது கையால் வலது மணிக்கட்டைத் தள்ளினேன். முழங்கை மடங்கியது. அந்த விறைத்த ஐந்து விரல்களும் என் நெஞ்சிலேயே வந்து குத்தின. எலும்பில் பட்டது. எடுக்காமல் அழுத்திக்கொண்டேன்.

பம்பை நின்றது.

"யாரக் காட்டுது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தன் நெஞ்சையே காட்டுது" என்றாள் ஒருத்தி.

மாமா தொண்டையைக் கனைத்தார். "சாமி தன்னையே காட்டிக்குது. அதுக்கு வேற அர்த்தம்..."

"இன்னா அர்த்தம்?" முருகவேல் பம்பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "வேணுவக் காட்டுனப்ப அர்த்தம் கேட்டீங்களா? காட்டுனா காட்டுனதுதான். வேணுவுக்கு ஒரு நியாயம், ஒன் தங்கச்சிக்கு ஒரு நியாயமாப்பா கலை?"

எல்லாரும் கலையரசனைப் பார்த்தார்கள். அவனுடைய கூட்டாளிகளும் பார்த்தார்கள். அவன் கையில் ஸ்டாண்டு இருந்தது. சின்ன வயதில் சைக்கிளோடு கிணற்று மேட்டில் விழுந்தபோது இருந்த முகம் அவனுக்கு. அவன் அழுதுவிடுவான் என்று நினைத்தேன்.

அடித்தான். என் தோளில் ஒன்று. நெஞ்சில் வைத்திருந்த கையில் ஒன்று. மணிக்கட்டு முறிந்தது மைக்கில் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒடிவதைப்போல.

எனக்கு அப்போது பயம் இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அடி விழ விழ மூச்சு வந்துவிட்டது. எந்த அடிக்காக நெஞ்சு இத்தனை நாள் இடித்துக்கொண்டிருந்ததோ, அந்த அடி வந்துவிட்டதைப்போல. வலி மட்டும் இருந்தது. வலி வலியாகவே தெரிந்தது.

"வூட்டப் பாருங்கடா" என்று யாரோ கத்தினார்கள். ஆட்கள் எங்கள் வீட்டுக்குள் புகுந்து பானையை உடைத்தார்கள், அரிசியைக் கொட்டினார்கள், டிரங்குப் பெட்டியைத் தெருவில் கவிழ்த்தார்கள். பெட்டியிலிருந்து பச்சைப் பட்டுப் புடவை ஒன்று விழுந்தது. போன வெள்ளிக்கிழமை அம்மன் கட்டியிருந்த புடவை. ஒவ்வொரு வாரமும் அம்மன் கட்டிய புடவையை ஏலம் விடுவார்கள். அந்த வாரம் அம்மா எடுத்திருந்தார். ஒருவன் அதை உதறினான். மஞ்சள் கயிற்றோடு தாலி மண்ணில் விழுந்தது.

முந்தின நாள் அலங்காரம் கலைக்கும்போது மாமா அவசரத்தில் புடவையோடு சேர்த்துச் சுருட்டியிருந்தார். கயிற்றின் முடிச்சு சரிகையில் மாட்டிக்கொண்டு இருந்தது. யாரும் திருடவில்லை.

பிறகு ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களா. கடைசியில கரெக்டா காட்டிட்சி."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி இல்லை என்று காட்டுவதற்காக நான் செய்ததே சாமிக்குச் சாட்சியாகிவிட்டது. வேணு அண்ணனை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. தங்கம்மாள்தான் இளநீர் வெட்டும் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தாள். அறுக்கும்போது கலையரசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தள்ளி நின்றான்.

ஒரே ஆட்டோவில்தான் எங்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேணு அண்ணன் என் பக்கத்தில். வேகத்தடையில் ஆட்டோ குலுங்கி என் ஒடிந்த கை அவர் பக்கம் சாய்ந்தபோது அவர் உடம்பு முழுவதும் ஒடுங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா கடைக்கு வந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார்.

"எடது கை இருக்குதில்ல" என்றார்.

அம்மா வடிகட்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். கலையரசன் என்னைத் தோளைப் பிடித்து அழைத்துப்போனான். செங்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். அதே மூலை, அதே கற்பூரம். பம்பை ஆரம்பித்ததும் நெஞ்சு இடிக்கத்தான் செய்தது. நான் அதைத் தடுக்கவில்லை. இடி, இடித்துக்கொள் என்று விட்டுவிட்டு, இல்லாத டீயை ஊதிக்கொண்டே இருந்தேன். உதடு மரத்தது, திரும்ப வந்தது. உள்ளங்கை குத்தியது, விட்டது. இடது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்தேன். ஐந்து விரலும் தனித்தனியாக இருந்தன.

முருகவேல் கை ஓய்ந்துபோய் நிறுத்தினார். "வரல பூசாரி" என்றார்.

கலையரசன் கையை ஓங்கினான். "காட்டுடி."

விரித்த கையை அப்படியே அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அதில் சாமியும் இல்லை, யாரும் இல்லை. ஓங்கியதை அவன் இறக்கிவிட்டான். அத்தனை பேரும் பார்த்திருக்கும்போது சாமி இல்லாத தங்கையை எதற்கு அடிப்பது என்று நினைத்திருக்கலாம். வீட்டுக்கு வந்தபிறகு அடித்தான். அது வேறு.

ஒரு நாள் சாயந்திரம் வேணு அண்ணன் கடைக்கு வந்தார். கக்கத்தில் ஊன்றுகட்டை, முன்வாயில் ஓட்டை. அம்மா தலையைக் குனிந்தபடி டீ ஆற்றினார். நான் இடது கையால் கிளாஸை நீட்டினேன். அவர் நேராக வந்து வாங்கவில்லை. கை நீளும் பக்கத்திலிருந்து விலகி, ஓரமாக வந்து வாங்கினார்.

"ஒண்ணுமில்லமா" என்றார் தானாகவே. "எங்கனா பம்பை கேட்டா எனக்கு இப்ப நெஞ்சு இப்பிடி இப்பிடி அடிக்குது. கை காலு ஜில்லுனு ஆயிடுது. மைக் செட்டு வேலைக்கே போவ முடியல."

கிளாஸிலிருந்து டீ தளும்பி அவர் விரலில் விழுந்தது.

"குடிக்காதீங்கண்ணா, சூடு" என்றேன். "ஊதுங்க. மெதுவா, வெளிய."

ஊதினார். பல் இல்லாத இடத்தில் காற்று விசில் அடித்தது.